கணவரிடம் யார் பேசுவது?

நம் ஆலயங்களில் மறையுரையின் நடுவே குடும்பக் கட்டுப்பாடு என்னும் சொல் எழுமானால், பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்தில்தான் தலைகள் குனிகின்றன. ஆண்கள் பக்கத்தில் எவரும் அசைவதில்லை. அந்தச் சொல் தங்களைக் குறித்ததன்று என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு எண்ண அவர்களைப் பழக்கியவர்கள் யார்? அரசு பழக்கியது, மருத்துவமனை பழக்கியது, வருத்தத்தோடு சொல்வதானால், திருச்சபையில் போதிக்கும் பொறுப்பில் இருப்போரும் பழக்கினர். குழந்தை பெறுவதும் பெறாதிருப்பதும் இருவருக்கும் உரிய காரியம் என்று நாம் வாயளவில் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கட்டளையும் கண்டனமும் கத்தியும் ஒருவரை நோக்கியே நீள்கின்றன. இந்த அநீதியைக் குறித்துத் தயக்கமின்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆயிரத்தில் ஒருவர்

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழகத்தைப் பற்றி இரண்டு எண்களைத் தருகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 விழுக்காடு. அதாவது, நூறு மனைவியரில் ஏறத்தாழ ஐம்பத்தெட்டுப் பேர். ஆயிரம் கணவரில் ஒருவர். இந்தியா முழுவதற்குமான கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது: பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு.

இத்தனைக்கும் ஆணுக்குரிய அறுவை எளியது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களில் முடிவது. பெண்ணுக்குரியதோ வயிற்றினுள் செய்யப்படுவது. எளியதை விட்டுக் கடினமானதை ஒரு சமுதாயம் முழுவதும் தேர்ந்துகொண்டது என்றால், அதற்கு மருத்துவக் காரணம் இருக்க முடியாது. 'அவர் உழைத்துச் சம்பாதிக்கிறவர், அவருக்கு உடம்பு தளர்ந்துவிடக் கூடாது' என்று மாமியார் சொல்வார். மனைவியும் அதையே சொல்வார். விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வயலுக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்லும் பெண்ணின் உடம்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இதைப் படிக்கும் எவரும் தவறாகக் கருதிவிடக் கூடாது. ஆண்கள் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும் கருத்தடை அறுவையைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அறிவோம். ஆயினும் அந்த எண்கள் ஓர் உண்மையை மறைவின்றிக் காட்டுகின்றன. பிள்ளைப்பேற்றை வரையறுப்பதில் ஏதேனும் ஒரு துன்பத்தை ஏற்க வேண்டியிருந்தால், அதை ஏற்க வேண்டியவர் மனைவி என்று நம் குடும்பங்கள் முடிவு செய்துவிட்டன. நம் பங்குகளின் தாய்மார்கள் இந்தக் கணக்கிற்கு வெளியே இருக்கிறார்கள் என்று எந்தப் பங்குத்தந்தையாவது மனச்சாட்சியோடு சொல்லத் துணிவாரா?

அரசு கற்றுக்கொண்ட பாடம்

இந்தியா 1952ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்ற நாடு. தொடக்கத்தில் அந்தத் திட்டம் ஆண்களை ஒதுக்கிவிடவில்லை. 1960களில் ஆண்களுக்கான அறுவையே முதன்மையாக இருந்தது. 1971இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த மாபெரும் முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர்.

பின்னர் நெருக்கடிநிலை வந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் எண்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் அறுபது லட்சத்திற்கும் மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வட இந்திய ஊர்களில் ஆண்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டனர். ஊதியமும் வீட்டுமனையும் அறுவைச் சான்றிதழைக் காட்டினால்தான் கிடைக்கும் என்னும் நிலை ஏற்பட்டது. அது கொடுமை என்பதில் ஐயமில்லை. 1977 தேர்தலில் அந்த ஆட்சி வீழ்ந்தது. திட்டத்தின் பெயர்கூட 'குடும்ப நலம்' என மாற்றப்பட்டது.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து அடுத்து வந்த அரசுகள் கற்ற பாடம் என்ன? மனிதரை எண்ணிக்கையாக நடத்தக் கூடாது என்பதையா? இல்லை. ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்பதையே கற்றுக்கொண்டன. கத்தி பெண்களின் பக்கம் திரும்பியது. பிரசவத்திற்கு வந்த இடத்திலேயே, வலியின் களைப்பு நீங்குமுன், 'ஆபரேஷனையும் சேர்த்துச் செய்துவிடலாம்' என்று கேட்கும் வழக்கம் வேரூன்றியது. கிராம சுகாதார செவிலியருக்கு ஆண்டுக்கு இத்தனை 'கேஸ்' என்று இலக்கு வைக்கப்பட்டது. 1996இல் நடுவண் அரசு இலக்குமுறையைக் கைவிடும்வரை அது நீடித்தது. பெண்கள் எதிர்க்கவில்லை, ஆட்சிகளும் வீழவில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில் ஒரு மருத்துவர் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என ஆணையிட்டது. மாண்டவர்கள் அனைவரும் ஏழைகள், இளந்தாய்மார்கள். அவர்களின் வீடுகளில் ஒரு கணவராவது, 'நீ போக வேண்டாம், இது என் பொறுப்பும்கூட' என்று சொல்லியிருந்தால் ஓர் உயிராவது தப்பியிருக்கும். அப்படிச் சொல்லும் வழக்கத்தை நம் நாடு எந்தக் கணவருக்கும் கற்றுத்தரவில்லை.

மடலில் இருப்பதும் மறையுரையில் வருவதும்

அரசை விட்டுவிடுவோம், அது எண்ணிக்கையைப் பார்ப்பது. நாம் எதைப் பார்த்தோம்?

1968 ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் 'ஹுமானே வீத்தே' என்னும் திருமடலை வெளியிட்டார். செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்காது என்பது அதன் தீர்ப்பு. நம் மக்களில் பெரும்பாலோர் அந்த மடலைப் பற்றிக் கேட்டறிந்தது இந்த ஒரு வரியை மட்டுமே. ஆனால் அதே மடல் பொறுப்புள்ள பெற்றோர்மையைப் பற்றிப் பேசுகிறது. உடல்நலம், பொருள்நிலை, மனநிலை, சமுதாயச் சூழல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தக்க காரணங்கள் இருப்பின், அடுத்த குழந்தையைச் சில காலத்திற்கோ காலவரையின்றியோ தவிர்க்கத் தம்பதியர் முடிவு செய்யலாம் என்பது அதன் போதனை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் கடவுளின் திருமுன் பெற்றோர்களே எனத் தெளிவாக்கியிருந்தது. சங்கம் அந்தப் பொறுப்பை இருவரிடமும் ஒப்படைத்தது. மாமியாரிடமோ செவிலியரிடமோ மனைவியிடம் மட்டுமோ அன்று.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. செயற்கைக் கருத்தடை பரவினால் என்ன தீங்கு விளையும் என்று கூறும்போது, ஆறாம் பவுல் கணவரைச் சுட்டிக்காட்டுகிறார். ஆண், பெண்ணுக்குரிய மரியாதையை மறந்துவிடுவான். அவளுடைய உடல்நலத்தையும் மனநலத்தையும் பொருட்படுத்தாமல் தன் இச்சைக்கான கருவியாக அவளை ஆக்கிவிடுவான் என்பது அவரது அச்சம். ஆட்சியாளர்கள் இந்த முறைகளை மக்கள்மீது திணிக்கக்கூடும் என்பது அவர் கூறிய மற்றோர் அச்சம். இரண்டாவது அச்சம் நெருக்கடிநிலையில் நம் நாட்டிலேயே நிறைவேறியது. முதலாவது அச்சம் நம் வீடுகளில் நாள்தோறும் நிறைவேறுகிறது. ஆணைக் கண்டித்து எழுதப்பட்ட அந்தப் பகுதி நம் மறையுரைகளில் பெண்ணைக் கண்டிக்கும் பகுதியாக மாறியது எப்படி?

ஒப்புரவு அருளடையாளத்தை நாடி வருவோரின் வரிசையைப் பாருங்கள். அறுவை செய்துகொண்ட தாய் அதைப் பாவமாக அறிக்கையிட்டுக் கண்ணீர் விடுகிறார். ஆண்டுகள் பல கடந்தும் அந்த உறுத்தல் நீங்காமல் நற்கருணைக்கு அஞ்சி நிற்கும் தாய்மார்களும் உண்டு. அந்த முடிவில் பங்குபெற்ற கணவர், பெரும்பாலும் அந்த முடிவை எடுத்த கணவர், அதைத் தம் பாவக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர் உடலில் தழும்பு இல்லை. ஆதலால் உள்ளத்திலும் இல்லை.

திருமணத் திருப்பலியில் எபேசியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. மனைவியர்க்குப் பவுல் அங்கே மூன்று வசனங்களில் பேசி முடிக்கிறார். கணவர்க்கோ ஏறத்தாழ ஒன்பது வசனங்கள். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் மனைவியை அன்பு செய்ய வேண்டும் என்னும் கட்டளை கணவருக்குத்தான் தரப்படுகிறது. ஆயினும் மணமேடை மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பது எந்த மூன்று வசனங்களைப் பற்றி? கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். மனைவியின் உடல்மீது கணவருக்கு உரிமை உண்டு என்பதோடு பவுல் நிறுத்தவில்லை. கணவரின் உடல்மீது மனைவிக்கும் அதே உரிமை உண்டு என்கிறார். விலகியிருப்பதும் இருவர் சம்மதத்தோடே நடக்க வேண்டும் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தச் சமநிலை நம் பள்ளியறைகளின் வாயிலை இன்னும் கடக்கவில்லை.

இயற்கை முறை யாருடைய முறை?

திருச்சபை ஏற்கும் வழி இயற்கை முறை. ஆஸ்திரேலியாவின் மருத்துவத் தம்பதியர் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை அவற்றுள் பெயர் பெற்றது. பெண் தன் உடலில் தோன்றும் சளிக்கசிவின் மாற்றங்களைக் கவனித்து, கருத்தரிக்கக்கூடிய நாட்களை அறிந்துகொள்கிறாள். கருமுட்டை ஒரு நாள் அளவே உயிரோடிருக்கும். ஆணின் உயிரணு ஐந்து நாட்கள்வரை வாழக்கூடும். அந்த நாட்களில் தம்பதியர் விலகியிருக்க வேண்டும். முறை இவ்வளவுதான்.

படிப்பறிவற்ற பெண்களுக்கு இது புரியாது என்பார் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் நடத்தி, 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு இதைப் பொய்யாக்கியது. கற்றுத்தரப்பட்ட முதல் மாதச் சுழற்சியிலேயே 93 விழுக்காட்டுப் பெண்கள் தம் உடலின் அறிகுறியை அடையாளம் கண்டனர். அன்னை தெரசாவும் 1979இல் நோபல் பரிசு ஏற்புரையில், கொல்கத்தாவின் ஏழைகள் இந்த முறையை ஏற்று வாழ்வதைப் பெருமையோடு எடுத்துரைத்தார். ஆக, பெண்ணின் அறியாமை இங்கே தடையன்று.

அப்படியாயின் தடை எது? அதே ஆய்வில் நேர்ந்த கருத்தரிப்புகளில் பெரும்பாலானவை, கருத்தரிக்கும் நாள் என்று தெரிந்திருந்தும் விதியை மீறியதால் நேர்ந்தவை. நம் ஊர்களில் இரவு பத்து மணிக்கு வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டு வரும் கணவரிடம், 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் மனைவிக்கு என்ன நேரும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. மனைவி அறிந்திருக்கிறாள், மறுக்கும் உரிமைதான் அவளிடம் இல்லை. இயற்கை முறையில் பாதி வேலை மனைவியின் கவனிப்பு. மறு பாதி கணவரின் ஒறுத்தல். அந்தப் பாதியைக் கற்பிக்காமல் முறையை மட்டும் கற்பிப்பது, நீச்சல் தெரியாதவரிடம் ஆற்றின் ஆழத்தை மட்டும் சொல்லி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

அடுத்து நடப்பதை நாம் அறிவோம். மூன்றாவது, நான்காவது கருவை எப்படி வளர்ப்பது என்று திகைத்து நிற்கும் பெண் கருக்கலைப்பை நாடுகிறாள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்துவைத்திருக்கிறது. நாம் மேடை போட்டுக் கருக்கலைப்பைக் கண்டிக்கிறோம், கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கருவுக்குச் சம பொறுப்பாளரான ஆணை நோக்கி ஒரு விரலும் நீளாத கண்டனத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது.

இதில் நாம் மட்டும் தவறுகிறோம் என்றும் சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில், திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருப்பதற்கு முயல்களைப்போல் இருக்க வேண்டியதில்லை, பொறுப்புள்ள பெற்றோராக இருக்க வேண்டும் என்றார். துணிவான சொல், தேவையான சொல். அதே உரையாடலில், ஏழு முறை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று எட்டாவது முறையும் கருவுற்றிருந்த ஒரு பெண்ணைத் தாம் கடிந்துகொண்டதாகவும் கூறினார். அந்தப் பெண்ணின் கணவரைக் கடிந்துகொண்டதாக அவர் கூறவில்லை. ஏழைகளின்பால் இத்துணை இரக்கம் கொண்ட திருத்தந்தையின் பேச்சிலும் கணவர் இடம்பெறவில்லை என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை உணரலாம்.

முழக்கம் மாறுகிறது, முகவரி மாறவில்லை

'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவர்தோறும் எழுதிய காலம் போயிற்று. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது முன்னர்க் குறிப்பிட்ட ஆய்வு. இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெற வேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையைச் சுட்டி, பதினாறு பெற்றால் என்ன என்ற கேள்வி எழும் நிலை வந்துவிட்டதாகப் பேசினார். கேரளத்தின் பாலா மறைமாவட்டம் 2021இலேயே, ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. உதவி செய்வதைக் குறை கூறமாட்டோம். வெறும் அறிவுரையைவிட அது எவ்வளவோ மேல். ஆயினும் நம் எண்ணிக்கை குறைகிறது என்னும் அச்சக்குரல் நம் மறைமாவட்டக் கூட்டங்களிலும் ஒலிக்கத் தொடங்கியிருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று நாட்டின் பஞ்சத்தைத் தீர்க்கப் பெண்ணின் கருப்பையை மூடச் சொன்னார்கள். இன்று தொகுதிக் கணக்கைச் சரிசெய்ய அதைத் திறக்கச் சொல்கிறார்கள். இரண்டு முறையும் அவளை எவரும் கேட்கவில்லை. திருச்சபையும் பீடங்களை நிரப்பவும் இருக்கைகளை நிரப்பவும் பிள்ளைகளைக் கேட்குமானால், அது அரசின் கணக்குப் புத்தகத்தையே கையில் எடுத்துக்கொண்டதாகும். குழந்தை கொடை என்று நாம் போதிக்கிறோம். கொடை என்பது உண்மையானால் அதற்கு இலக்கு வைக்க எவருக்கும் உரிமை இல்லை. குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

செய்ய வேண்டியவை

'இவை பள்ளியறைக் காரியங்கள். பீடத்தில் நின்று பேசத் தக்கவை அல்ல' என்று சிலர் மறுப்பர். அறுவையைக் கண்டித்துப் பேசும்போது தோன்றாத இந்தக் கூச்சம் ஆணின் தன்னடக்கத்தைப் பேசும்போது மட்டும் ஏன் தோன்றுகிறது? 'ஆண்கள் கேட்கமாட்டார்கள்' என்பர் வேறு சிலர். தவக்காலத்தில் நாற்பது நாள் மாமிசத்தைத் துறக்கும் ஆண்களும், காலில் செருப்பின்றி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் ஆண்களும் நம்மிடையே உண்டு. ஒறுத்தல் அவர்களுக்குப் புதிதன்று. மனைவிக்காக ஒறுத்தல் புரிவதும் தவமே என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அதுவே குறை.

ஆகவே நம் ஆயர்களிடமும் குருக்களிடமும் பணிவோடு, ஆனால் உறுதியோடு, சிலவற்றைக் கேட்கிறோம். திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் இயற்கை முறை ஒரு மணி நேரச் சொற்பொழிவாக முடிந்துவிடக் கூடாது. அதைக் கடைப்பிடித்து வாழும் தம்பதியரே வந்து, மணமகனையும் மணமகளையும் அருகருகே அமர்த்திக் கற்பிக்கட்டும். மணமான பின்னரும் அன்பியங்கள் வழியே அந்தத் துணை தொடரட்டும். ஆண்களுக்கான தியானங்களில் குடியைக் கண்டிப்பதோடு நிறுத்தாமல், மனைவியின் 'வேண்டாம்' என்னும் சொல்லை மதிப்பது கிறிஸ்தவக் கணவரின் கடமை என்று கற்பியுங்கள். அறுவை செய்துகொண்ட தாய்மார்களை மேலும் மேலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். அவர்களை அங்கே அனுப்பியவர்களைத் தேடுங்கள். ஒப்புரவுத் தொட்டியில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பெண்ணிடம் கேட்கும் கேள்வியை ஆணிடமும் கேளுங்கள்.

பொதுநிலையினராகிய நமக்கும் கடமை உண்டு. மகனுக்குப் பெண் பார்க்கும் தாய்மார்கள், தம் மகனிடமும் இதைப் பேச வேண்டும். மணமான ஆண்கள் தம் மனைவியிடம் ஒரு முறையாவது, 'உன் உடம்பு எப்படி இருக்கிறது? அடுத்த பிள்ளையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டு, வரும் பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும். மார்ச் மாதந்தோறும் புனித சூசையப்பரை நாம் கொண்டாடுகிறோம். கன்னி மரியாவையும் அவர் மகனையும் காக்கத் தம் விருப்பங்களை எல்லாம் ஒதுக்கிவைத்த கணவர் அவர். அவரது சுரூபத்திற்கு மாலை அணிவிக்கும் ஆண்கள், அவரைப்போல் வாழக் கற்றுக்கொள்ளாத வரையில், குடும்பக் கட்டுப்பாடு பற்றி நம் பெண்களுக்குப் போதிக்கும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை.